கோடு

முன்பே சொன்னேன் ரொக்ஸோலானாவிடம்.
இரும்பும் கண்ணாடியிழையும் ஒட்டும்,
ஒன்றாகாது.
நடுவில் நகக்கனம் இடைவெளி இருக்கட்டும்,
கறுப்பு ரப்பரால் அடைத்துத் தருகிறேன் என்று.

மாட்டேன் என்றாள்.
கை வைத்தால் எது எங்கே முடிகிறதென்று
தெரியவே கூடாதாம்.
யார்க்டனில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள்,
எதையும் இரண்டாம் முறை சொல்லிப் பழக்கமில்லை.
நானும் இரண்டாம் முறை சொல்லவில்லை.

எழுபத்திரண்டாம் வருடத்து பிக்கப்.
அம்பது குளிர்காலமாகச் சாலை உப்பு தின்ற
பின்சக்கர வளைவுகள்.
துரு நின்ற இடத்தில் நிற்காமல்
இன்னும் இரண்டு விரற்கடை உள்ளே போய் அறுத்தேன்,
நல்ல இரும்பு கத்தும்வரை.

உப்பு தின்றதற்கு உப்புத்தாள்.
முப்பத்தாறாம் நம்பர்.
மினுக்கக் கூடாது, கீற வேண்டும்.
அசிட்டோன் துணியால் ஒரே திசையில் ஒரு துடைப்பு,
அப்புறம் யார் விரலும் படக் கூடாது.
டுவெய்ன் விரல் பட்டது,
பாதி டோனட்டோடு.
மறுபடி உப்புத்தாள், மறுபடி துணி.

பாலியெஸ்டர் பிசின் மலிவுதான்.
ஆறு மாதம் சிரித்துப் பேசிவிட்டு
ஒரு நாள் ஏடாய்க் கழன்றுகொள்ளும்.
எபோக்சிக்கு விலை அதிகம்.
இரண்டு குழாய், ஒரு முனை, சாம்பல் நிறம்.
முப்பது நிமிடம் நாம் சொன்னது கேட்கும்.

கிளாம்பை இறுக்குவதில்தான்
எல்லோரும் கெடுக்கிறார்கள்.
பலமாய்க் கடித்தால் பசை மொத்தமும்
ஓரமாய்ப் பிதுங்கி வழிந்துவிடும்.
பார்க்க நெருக்கம், உள்ளே பட்டினி.
திருகிலிருந்து கையை எடுத்துவிட்டு
மறுபடி போய்த் திருகாமல் இருப்பதற்காக
வாசலில் போய் ஒரு சிகரெட் பிடித்தேன்.

மிச்சமிருந்த பசையில்
உள்ளங்கை அளவு இரும்பின்மேல்
உள்ளங்கை அளவு இழையை ஒட்டிக்
கதவுக்கு வெளியே ஆணியில் தொங்கவிட்டேன்.
பிறகு மறந்தும் போனேன்.

மூன்று அடுக்கு இழைத்துணி, புட்டி,
தேய்ப்பு, தேய்ப்பு, அடர்பச்சை.
ஆகஸ்டில் வந்து
கண்ணை மூடிக்கொண்டு தடவினாள்.
விரல் எங்கும் தடுக்கவில்லை.
முந்நூறு டாலர் பாக்கி வைத்துப் போனாள்.

பிப்ரவரி. மைனஸ் முப்பத்தெட்டு.
எஞ்சினை நிறுத்தாமல், இறங்காமல்,
கையுறையைக் கழற்றி
ஜன்னல் வழியே பின்பக்கம் காட்டினாள்.

வளைவைச் சுற்றி ஒரு கோடு.
விரிசல் இல்லை, நகம் மாட்டவில்லை.
சாய்ந்த வெயிலில் மட்டும் தெரிந்தது,
பெயின்டுக்கு அடியில்
யாரோ ஒருக்களித்துப் படுத்திருப்பதுபோல.

குளிருக்கு இரும்பு சுருங்குவது ஒரு கணக்கு,
இழை சுருங்குவது வேறு கணக்கு என்று
ஆரம்பித்தேன்.
"ஒட்டு விட்டுவிட்டது" என்றாள்,
அவ்வளவுதான்.

ஆணி ஞாபகம் வந்தது.
துண்டின்மேல் பனி கெட்டித்திருந்தது.
வைஸில் கவ்விச் சுத்தியலால் அடித்தேன்.
மூன்று அடிக்கு அசையவில்லை.
நான்காவதில் உடைந்தது.

அவள் இறங்கி வந்தாள்.
இரும்பை விட்டுப் பசை எழும்பவில்லை.
கிழிந்தது இழைதான்.
சாம்பல் பசைமேல் வெள்ளை மயிர்கள்
குத்திட்டு நின்றன,
உறுமும் நாயின் பிடரிபோல.
ஒட்டிய இடத்தைத் தவிர
மற்றதெல்லாம் போயிருந்தது.

வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
சரி என்று சொல்லவில்லை.
விரலில் சிலாம்பு ஏறியது, உறிஞ்சித் துப்பினாள்.
துண்டைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு
போய்விட்டாள்.

இப்போது மே.
புதன்கிழமைகளில் பட்டறையைத் தாண்டிப் போகிறது
பச்சை வண்டி.
இந்த வெயிலில் கோடு தெரியாது.
எங்கே இருக்கிறதென்று எனக்குத் தெரிவதால்
எனக்குத் தெரிகிறது.

டாஷ்போர்டின்மேல் அந்தத் துண்டு கிடப்பதாக
டுவெய்ன் சொல்கிறான்.
முந்நூறு டாலர் இன்னும் வரவில்லை.